பனிக்காலத்தில் பான்டூன் படகும் அவுட்போர்டு மோட்டாரும்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒன்டாரியோவில், ஏஜாக்ஸ் நகரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். படித்துவிடுகிறேன்.

"அண்ணா, நானும் என் மைத்துனரும் சேர்ந்து கோடையில் ஒரு பழைய பான்டூன் படகு வாங்கினோம். இருபது அடி நீளம், இரண்டு மிதவைக் குழாய்கள், 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு. ஸ்கூகாக் ஏரியில் ஓட்டுகிறோம். குளிர்காலத்தில் தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில், டிரெய்லரோடு வெட்டவெளியில் நிறுத்தப்போகிறோம். மோட்டாருக்குள் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். பெட்ரோல் தொட்டியைக் காலி செய்துவிடு என்கிறார் இன்னொருவர். மேலே ஒரு தார்ப்பாய் போட்டால் போதாதா? எங்கிருந்து தொடங்குவது?"

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். திறந்த இடத்தில் இருந்தால் அது மேல்நோக்கிப் பருத்துவிட்டுப் போகும், யாருக்கும் நட்டமில்லை. மூடிய இடத்தில் அகப்பட்டுக்கொண்ட தண்ணீர்தான் அலுமினியத்தைப் பிளக்கிறது. ஆகவே உங்கள் படகில் எங்கெல்லாம் தண்ணீர் அகப்பட்டு நிற்க முடியும் என்று ஒவ்வோர் இடமாகத் தேடுங்கள். கடையில் விற்கும் பாட்டில்களைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

முதலில் ஆன்டிஃப்ரீஸ், அதாவது உறையாமல் காக்கும் திரவம். படகின் பின்னால் வெளியே மாட்டியிருக்கும் உங்கள் அவுட்போர்டுக்கு அது தேவையில்லை. படகின் உள்ளே என்ஜினும் வெளியே டிரைவுமாக இருக்கும் படகுகளுக்கு அது தேவை. அந்த என்ஜின்களில் தண்ணீர் தானாக வடியாது. உங்களிடம் சொன்னவர் அப்படியொரு படகு வைத்திருப்பவராக இருக்கலாம். அவுட்போர்டு அப்படியல்ல. ஏரித் தண்ணீரைக் கீழே உறிஞ்சி, மேலே என்ஜினைக் குளிர்வித்து, மறுபடி கீழே விடுகிறது. மோட்டாரைச் செங்குத்தாக இறக்கி நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் தானாகவே வடிந்துவிடும். அப்படி வடியும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பலருக்கும் தவறு நேர்கிறது. டிரெய்லரில் ஏற்றும்போது மோட்டாரை மேலே தூக்கிவைக்கிறோம். அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அதே நிலையில் ஆறு மாதம் விட்டுவிடுகிறார்கள். புரொப்பெல்லரின் நடுவே புகை வெளியேறும் வழி இருக்கிறது அல்லவா, மோட்டார் தூக்கியிருக்கும்போது அது வானத்தைப் பார்த்த கிண்ணமாகிவிடுகிறது. நவம்பர் மழை அதில் நிறைகிறது, ஜனவரியில் உறைகிறது, கியர் பெட்டியின் உறை வெடிக்கிறது. ஏப்ரலில்தான் தெரியவரும். அந்தப் பாகத்தை மாற்றும் செலவைக் கேட்டால், பழைய மோட்டாருக்கு அவ்வளவு கொடுக்க மனம் வராது. செலவே இல்லாத ஒரு காரியத்தைச் செய்யாததால் ஒரு நல்ல மோட்டார் குப்பைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஆகவே மோட்டார் கீழே இறங்கியிருக்க வேண்டும், செங்குத்தாக. ஆனால் பான்டூன் டிரெய்லர்கள் தாழ்வானவை; இறக்கினால் மோட்டாரின் அடித்துடுப்பு, அதாவது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான நுனி, தரையைத் தொடக்கூடும். படகின் முன்பக்கத்தை உயர்த்தினால் பின்பக்கம் இன்னும் தாழும். அதற்கு வழி, டிரெய்லரையே கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்துவது. பக்குவமான தடித்த மரக்கட்டைகள், அச்சுக்கு அருகில் இரண்டு பக்கமும். சக்கரங்களின் பாரமும் குறையும். அடித்துடுப்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். பண்ணை நிலம் என்கிறீர்கள், அங்கே பனி உருகும்போது சேறும் குட்டையுமாகும். மோட்டாரின் கீழ்ப்பாகம் குட்டைக்குள் நிற்கக் கூடாது. மோட்டாரை இறக்கிவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் தண்டின் பளபளப்பான பகுதி உள்ளே போய்விடும், துருப்பிடிக்காது.

அடுத்து, கியர் ஆயில். இதை மட்டும் "வசந்த காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் கியர் பெட்டியில் ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் பழுதானால் தண்ணீர் உள்ளே வரும், அதுவும் மூடிய பெட்டிக்குள். கீழே ஒரு திருகு, மேலே ஒரு திருகு இருக்கும். அடியில் ஒரு பாத்திரம் வைத்துக் கீழ்த்திருகைக் கழற்றுங்கள், பிறகு மேல்திருகைக் கழற்றுங்கள். எண்ணெய் இறங்கத் தொடங்கும். அப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ தெளிவாக வந்தால் நல்லது. காபியில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மோட்டார் பல மணி நேரம் அசையாமல் நின்றிருந்தால் எண்ணெய்க்கு முன்னால் தண்ணீரே தனியாக வரவும் கூடும். கீழ்த்திருகின் முனை காந்தமாக இருந்தால் அதையும் விரலால் தடவிப் பாருங்கள். மாவுபோல மென்மையான சாம்பல் பசை இருந்தால் கவலை வேண்டாம். நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துணுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகத்தான் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கிவிடும். குமிழி இல்லாமல் எண்ணெய் மேல்துளையில் வழியத் தொடங்கியதும் முதலில் மேல்திருகை மூடுங்கள். பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த்திருகைச் சட்டென்று போடுங்கள். மேலே மூடியிருப்பதால் அதிகம் சிந்தாது. திருகுகளின் வாஷர்கள் புதிதாக இருக்கட்டும். படகு மோட்டாருக்கு உரிய கியர் ஆயில்தான், கார் எண்ணெய் வேண்டாம்.

அந்தத் தண்ணீர் எப்படிப் புகுகிறது? பெரும்பாலும் தூண்டில் நரம்புதான் காரணம். ஸ்கூகாக் ஆழமில்லாத ஏரி, மீன்பிடிப்பவர்கள் நிறையப் பேர், அறுந்த நரம்பு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். புரொப்பெல்லர் அதைச் சுற்றி இழுத்துக்கொள்கிறது. நரம்பு தண்டின் ஓரமாக உள்ளே போய் சீலை அறுக்கிறது. ஆகவே நட்டைக் கழற்றிப் புரொப்பெல்லரை வெளியே எடுங்கள். அதன் பின்னால் இருக்கும் தடித்த வாஷரையும் உருவிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ கண்ணாடிபோலவோ மெல்லிய வளையங்கள் தண்டைச் சுற்றி இறுகியிருக்கும். கத்தியால் சீலைக் கீறிவிடாமல், நுனியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி எடுங்கள். தண்டில் கிரீஸ் தடவி வையுங்கள். புரொப்பெல்லரை வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். வெட்டவெளியில் திருட்டுக்கு அது ஒரு தடையும்கூட.

இனி பெட்ரோல். தொட்டியைக் காலி செய்வதா, நிரப்புவதா? பொருத்தப்பட்ட தொட்டி என்றால் ஏறக்குறைய நிரப்புங்கள், விரிவடையக் கொஞ்சம் இடம் விட்டு. பாதி காலியான தொட்டியில் இருக்கும் காற்று பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து, சுவரில் ஈரம் கோத்துக்கொள்ளும். நம் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர் கூடக்கூட, பெட்ரோல் தன்னுள் தாங்கும் தண்ணீரின் அளவும் குறையும். அதனால் கோடையில் பிரியாமல் இருந்த பெட்ரோல் குளிரில் பிரிந்துவிடும். எடுத்துச் செல்லக்கூடிய சிவப்புத் தொட்டி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. மிச்சத்தை உங்கள் காரில் ஊற்றி ஓட்டிவிடுங்கள். டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்காத பெட்ரோல்தானே.

எரிபொருள் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசரை அளவுப்படி ஊற்றுங்கள். அதைத் தொட்டியில் ஊற்றினால் மட்டும் பயனில்லை. மோட்டாருக்குள் இருக்கும் குழாய்களுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் மோட்டார் ஓட வேண்டும். தரையில் ஓட்டுகிறீர்கள் என்றால், தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் காதுமூடி போன்ற ரப்பர் கிண்ணங்களைப் பொருத்தி, தோட்டக் குழாயை இணைத்து, தண்ணீரைத் திறந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே பம்பின் ரப்பர் இறக்கை கருகத் தொடங்கும். இந்த ஓட்டத்தோடு மோட்டாரின் உள்ளும் கழுவப்பட்டுவிடும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கோடை முழுவதும் ஓடிய எண்ணெயில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு பேரிங்குகளை ஆறு மாதம் ஊறவிட வேண்டாம். தண்ணீர் பிரிக்கும் பெட்ரோல் ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள், அதுவும் தண்ணீர் அகப்படும் இடம்தான். சிலிண்டருக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் தெளிப்பது பற்றி உங்கள் மோட்டாரின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள். எல்லா மோட்டாருக்கும் ஒரே முறை கிடையாது.

மிதவைக் குழாய்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் பழைய படகு என்பதால் சொல்கிறேன். 1952-இல் மினசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் அமைத்து மிதக்கவிட்டதிலிருந்து இந்தப் படகின் அடிப்படை மாறவில்லை: காற்றடைத்த மூடிய உருளை. வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த உருளைக்குள் தண்ணீர் சேரும். அது உறைந்தால் விரிசல் பெரிதாகும். தரையில் ஏற்றிய பிறகு ஒவ்வொரு குழாயையும் முன்னிருந்து பின்வரை கைமுட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். காற்று இருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், தண்ணீர் இருக்கும் இடம் மந்தமாக ஒலிக்கும். வடிகால் திருகு இருந்தால் கழற்றிப் பாருங்கள். திருகே இல்லாத குழாயில் மந்தமான ஒலி கேட்டால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரைப் பனிக்கு முன்பே அழையுங்கள். நீங்களாகத் துளையிட வேண்டாம்.

குழாய்களில் படிந்திருக்கும் பாசியை அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் அமிலக் கலவை இல்லாமல் போகாது. ஒன்டாரியோவில் 2022 ஜனவரி முதல் இது சட்டமும்கூட: படகைச் சாலையில் கொண்டுபோவதற்கு முன் வடிகால் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும், ஒட்டியிருக்கும் செடி, பாசி, சிப்பி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பிகள் (ஸீப்ரா மஸல் என்னும் அன்னியச் சிப்பிகள்) இன்று எத்தனை ஏரிகளுக்குப் பரவிவிட்டன என்று பார்க்கிறோம். நம் படகு அடுத்த ஏரிக்கு அவற்றைச் சுமந்து போகக் கூடாது.

தார்ப்பாய் போதுமா? தார்ப்பாயைத் தளத்தின் மேல் தட்டையாகக் கட்டினால் போதாது. உங்கள் தளம் இருபது அடிக்கு எட்டடி, அதாவது ஏறக்குறைய 15 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 150 கிலோ. அதற்கு மேல் ஈரப்பனி விழுந்தால் தார்ப்பாய் கிழியும், கம்பிகள் வளையும். நடுவே நெடுக உயரமான தாங்கிகள் வைத்துக் கூரைபோல இரண்டு பக்கமும் சரியவிடுங்கள். வெயில் கூரையை அதன் கம்பிகளோடு கழற்றி வையுங்கள். முன்னும் பின்னும் காற்று போய்வர வழி விடுங்கள். இறுக்கி மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பண்ணையில் எலிகள் மெத்தைக்குள் குடும்பம் நடத்தும். ஆகவே மெத்தைகளையும் உயிர்காப்பு மேலங்கிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கழற்ற முடியாத இருக்கைகளின் மூடியைத் திறந்தே வையுங்கள். படகில் கைகழுவும் தொட்டியோ மீன் தொட்டியோ இருந்தால் அவற்றின் பம்புகளில் தண்ணீர் நிற்கும். அங்கே வேண்டுமானால் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸை ஊற்றுங்கள், காருக்கு ஊற்றும் நச்சு வகையை அல்ல.

பேட்டரியைக் கழற்றி முழுமையாகச் சார்ஜ் செய்து வீட்டில் வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். முழு சார்ஜ் உள்ள லெட் ஆசிட் பேட்டரி ஒன்டாரியோ குளிரில் உறையாது. தீர்ந்துபோனது மைனஸ் 10 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே உறைந்து வெடிக்கக்கூடும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பார்கள். இன்றைய பிளாஸ்டிக் உறை பேட்டரிகளுக்கு அது பொருந்தாது, தாராளமாக வையுங்கள்.

நேரம் என்று பார்த்தால், கனடாவின் நன்றி நவிலும் நாள், அதாவது அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை, ஒரு நல்ல எல்லை. ஒன்டாரியோவின் டிரென்ட்-செவர்ன் நீர்வழியில் படகுகளை ஏற்றி இறக்கும் பூட்டுமதகுகளும் அந்த வார இறுதியோடுதான் மூடப்படுகின்றன. கடைசி நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருந்து நவம்பருக்குத் தள்ளாதீர்கள். கை விறைக்கும் குளிரில் கியர் ஆயில் மாற்றுபவர் பாதியில் விட்டுவிட்டுப் போவார்.

கடைசியாக, நீங்கள் இரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் படகு என்பதால் ஒன்று. என்னென்ன கழற்றினீர்கள் என்பதை ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்: வடிகால் அடைப்பான் எங்கே இருக்கிறது, புரொப்பெல்லர் யார் வீட்டில் இருக்கிறது, கியர் ஆயில் என்ன நிறத்தில் வந்தது, எந்தத் தேதியில் மாற்றியது. மே மாதத்தில் ஏரிக்கரையில் படகை இறக்கப்போவது உங்கள் மைத்துனராகவும் இருக்கலாம்.