பச்சை உடம்பை யார் பார்ப்பது?

நடுவர் அவர்களே, தருமபுரி மண்ணின் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். தாயின் உடல்நலத்தில் நாம் இன்னும் அதிகம் கவனிக்க வேண்டியது பிரசவத்துக்கு முன்பா, பின்பா? இதுதான் இன்றைய கேள்வி. ‘பின்பே’ என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி ரத்தசோகையைப் பற்றி அருமையாகப் பேசினார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசிய குடும்ப நல ஆய்வைக் காட்டினார். உண்மைதான். ஆனால் ‘ரத்தம் 9 தான் இருக்கு’ என்று சொல்லப்பட்ட பெண், பிரசவத்தில் இன்னும் ரத்தம் இழக்கிறாளே, அதற்கப்புறம் அவளுக்கு எவ்வளவு இருக்கிறது என்று எத்தனை வீட்டில் பார்த்தார்கள்? இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாள் போடச் சொல்லும் அரசு, பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் போடச் சொல்கிறது. முதல் 180 நாளுக்கு மாமியார் ஞாபகப்படுத்துவார், கணவர் ஞாபகப்படுத்துவார். குழந்தை வந்ததும் அந்த அட்டை அலமாரி மேலே ஏறிவிடுகிறது.

பாப்பாரப்பட்டிப் பக்கம் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். எடை எவ்வளவு, மூக்கு யார் ஜாடை என்று வந்தவர்கள் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெற்றவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள், அரை டம்ளர் வந்தது. ‘பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிச்சா வயிறு போட்டுடும்’ என்றார் பாட்டி. பாட்டிக்குப் பாசம் குறைவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. ஆனால் பால் கொடுக்கிறவளுக்குத்தான் அதிகத் தண்ணீர் வேண்டும். கீரை ஆகாது, பழம் ஆகாது, களி செரிக்காது என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் அவள் எதைத் தின்று தேறுவாள்? வீட்டைச் சுற்றிக் கேழ்வரகும் கீரையும் விளைகிற மாவட்டம் இது!

ரத்தப்போக்கின் ஆபத்து மிக அதிகம் இருப்பது பிரசவமான முதல் 24 மணி நேரத்தில். ‘சுகப்பிரசவம்தானே’ என்று மறுநாளே வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படுகிறோம். போன பிறகும் 42 நாளுக்குக் கண் வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைகிறதா? காய்ச்சலோடு நாற்றமுள்ள போக்கா? ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிக்கிறதா? விடாத தலைவலி, கண் மங்கலா? கர்ப்பத்தில் பிபி ஏறாதவளுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறி வலிப்பு வரலாம். இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மனசும் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே அதற்குக் ‘காத்து கருப்பு’ என்று பேர் வைத்து மந்திரிக்கப் போகிறோம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் ஒன்று. நம்ம ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். கர்ப்பத்தைப் பதிவு செய்தது ஓர் ஊர், பெற்றது இன்னோர் ஊர். சில மாதத்தில் புருஷன் வேலை செய்கிற ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறாள். இந்த ஊர் நர்ஸம்மா அங்கே பார்ப்பார்கள் என்று நினைக்கிறார், அங்கே இவள் வந்ததே யாருக்கும் தெரியாது. குழந்தைக்குத் தடுப்பூசிக்காகவாவது தேதி குறித்து வைக்கிறோம். தாய்க்கு எந்தத் தேதி?

தோழி மறுபடியும் கேட்கலாம், ‘கர்ப்பத்துக்கு முன்பே உடம்பைத் தேற்ற வேண்டாமா?’ என்று. வேண்டும். முதல் குழந்தைக்கும் அடுத்த கருவுக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்த 24 மாதம் எங்கே இருக்கிறது? முதல் பிரசவத்துக்குப் பின்னால்! நீங்கள் ‘முன்பு’ என்று கேட்கிற நாட்கள் எங்கள் ‘பின்பு’க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அதை வைத்தே எங்கள் அணிக்குத் தீர்ப்புக் கேட்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.