பெரியவர்களுக்கும் வேண்டும் மறைக்கல்வி

அன்பான நேயர்களே, வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி. டர்பன் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சேர்ந்த சமூகங்களில், பெரியவர்கள் தங்கள் விசுவாசத்தைப் படிப்பதற்கு, அதாவது மறைக்கல்விக்கு, என்ன வழி இருக்கிறது, என்ன வழி செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. இந்து நேயர்களும் கேளுங்கள். நம் ஊரில் அண்ணன் வீட்டில் முருகன் படம் இருக்கும், தம்பி வீட்டில் மாதா சுரூபம் இருக்கும். உங்கள் சொந்தக்காரர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கத்தோலிக்கர் வீட்டில் சாவு என்றால் யாரெல்லாம் வருகிறார்கள்? அத்தை இந்துக் கோயிலுக்குப் போகிறவர். சித்தப்பா மகன் பெந்தெகொஸ்தே சபை. ஜெபமாலை முடிந்து தேநீர் வரும்போது அந்தத் தம்பி கேட்பான்: "இறந்துபோனவருக்காக எதுக்கு ஜெபம் பண்றீங்க அண்ணா? என் பைபிள்ல அப்படி ஒண்ணுமே இல்லையே." அண்ணனுக்குப் பதில் தெரியாது. உண்மையில் தம்பி சொல்வதில் பொய் இல்லை. இறந்தோருக்காக வேண்டுவதைப் பற்றிப் பேசும் மக்கபேயர் இரண்டாம் நூல் அவன் வைத்திருக்கும் பைபிளில் கிடையாது. கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, அதன் 12ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். இவ்வளவு தெரிந்திருந்தாலே அண்ணன் கோபப்படாமல், கூச்சப்படாமல் பேசியிருப்பார். தெரியாததால் வாயடைத்துப் போகிறார். சில வருடங்களில் அவர் பிள்ளைகள் அந்தச் சபையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடத்துக்குத்தான் மனிதர் போவார்கள்.

அத்தையின் கேள்வி வேறு. "எங்க சாமிய நீங்க பொய்னு சொல்றீங்களாமே?" 1965 அக்டோபரில், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இந்தச் சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. இந்து உறவினர் இல்லாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் இங்கே அரிது. அப்படியிருக்க, அந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்?

காரணம் எளிது. பதின்ம வயதில், விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் வாங்கியதோடு நம் படிப்பு நின்றுபோகிறது. கல்யாணம், கடன், நோய், வேலை போவது, பிள்ளை வெளிநாடு போவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள்: பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் கோயில் வளாகத்தில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் ஃபோன். அந்த நேரத்தில் அவர்களையும் ஓர் அறையில் கூட்டலாம். தனியாக ஒரு நாள் தேட வேண்டாம், பெட்ரோல் செலவும் இல்லை.

திருச்சபையின் போதனையும் இதுதான். 1971இல் ரோமையிலிருந்து வந்த மறைக்கல்வி வழிகாட்டி ஏடு, பெரியவர்களுக்கான மறைக்கல்வியே தலையாய வடிவம் என்றது. 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதையே திரும்பவும் சொன்னார். இங்கே அது புதிதும் அல்ல. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அமலமரித் தியாகிகள் சபையின் பிரெஞ்சுக் குரு சபோன் அடிகளார், அப்படி வந்தவர்களுக்குப் பணி செய்வதற்காகத் தமிழ் கற்றார். வெட்டுக் கத்தியோடு வேலை செய்த பெரியவர்களையும் தேடி அவர் போனார்.

பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தோம், ஆள் வரவில்லை என்று பங்குத்தந்தையர் சொல்கிறார்கள். எப்படி வருவார்கள்? புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு, கோயில் மண்டபத்தில், ஒருவர் ஒரு மணி நேரம் பேச மற்றவர்கள் கேட்க வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தவருக்குக் கண் சொருகும். இருட்டிய பிறகு வெளியே போகப் பெண்களுக்குப் பயம், அந்தப் பயம் நியாயமானது. வாகனம் இல்லாத வயதானவர்கள் என்ன செய்வார்கள்?

ஆகவே வகுப்பு வீடுகளுக்கு வரட்டும். அடுத்தடுத்த வீட்டார் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடட்டும். இதற்கான முறை நம் நாட்டிலேயே உருவானது. கிழக்குக் கேப்பில் 1962இல் தொடங்கிய லும்கோ என்ற திருச்சபைப் பயிற்சி மையத்தில், லோபிங்கர், ஹிர்மர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள் நற்செய்திப் பகிர்வின் ஏழு படிகளை வகுத்தார்கள். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வது, செய்ய வேண்டியதைப் பேசி முடிவெடுப்பது, ஜெபம். பெரிய படிப்புப் படித்தவர் யாரும் தலைமை தாங்கத் தேவையில்லை. ஆசிய ஆயர்கள் இதை ஏற்றுப் பரப்பினார்கள். இன்று தமிழ்நாட்டில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர் கூடும் சிறு குழுக்களான அன்பியங்கள் பலவற்றில் நம் தென்னாப்பிரிக்க முறைதான் நடக்கிறது. தூத்துக்குடியிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்குப் பழகிப்போனது நம் தெருவில் இன்னும் பழகவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஆனால் பகிர்வு மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. என் மனதுக்கு இப்படிப் பட்டது, உங்களுக்கு அப்படிப் பட்டது என்றே போய்க்கொண்டிருந்தால் தம்பியின் கேள்வி அப்படியே நிற்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக் குழுவும் பதில் தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மாதம் ஒரு முறை பங்குத்தந்தையோ, மறைக்கல்வி கற்பிக்கப் பயிற்சி பெற்ற வேதியரோ வந்து அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். பாடத்திட்டம் அந்த நோட்டிலிருந்து வரட்டும்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தாலும் பரவாயில்லை, இளையவர்களுக்கு அதுதான் வசதி. நற்செய்தியை ஒரு முறை தமிழில் வாசியுங்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆயா தலை நிமிர்வார்.

ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெறும் பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். 1972இல் வந்த சடங்கு ஒழுங்கு, திருமுழுக்குக்குப் பிறகு, ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே திருநாள் வரை அவர்களுக்குத் தொடர்ந்து விளக்கம் கொடுக்கச் சொல்கிறது. பல இடங்களில் அடுத்த ஞாயிறே அவர்களைத் தனியே விட்டுவிடுகிறோம். ஈஸ்டர் இரவில் ஏற்றிய பாஸ்கா மெழுகுதிரி அணைவதற்குள் ஒவ்வொருவரையும் ஒரு வீட்டுக் குழுவில் சேர்த்துவிட வேண்டும்.

பங்குப் பேரவையில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, பெரியவர்களின் மறைக்கல்விக்கு இந்த வருடம் எத்தனை ராண்ட் ஒதுக்கியிருக்கிறோம் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால், குழு நடத்தப் போகிறவர்களின் பயிற்சிக்கும் விவிலியப் பிரதிகளுக்கும் முதலில் ஒதுக்குங்கள். தொடங்குவதற்கு மூன்று வீடுகள் போதும். நன்றி, வணக்கம்.