மேற்பரப்பே முழுவுடலான பொருள்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பென்சில் முனையில் உள்ள கிராஃபைட், கார்பன் அணுக்களாலான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருள். ஒரு தாளுக்குள் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. தாளுக்கும் தாளுக்கும் இடையிலான பிடிப்போ மிகத் தளர்வானது. அந்தத் தளர்வைப் பயன்படுத்தித்தான், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்து, 2004-இல் அதன் மின்பண்புகளை வெளியிட்டார்கள். கிராஃபீன் எனப்படும் அத்தாளுக்காக 2010-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் அணு கனமே உள்ள தாளில் உள்ளே மறைந்திருக்கும் அணு என்று எதுவும் இல்லை. ஆகவே அதன்மேல் வந்து அமரும் ஒரு புரதத்தின் மின்னூட்டம்கூட, தாளில் ஓடும் மின்னோட்டத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. உடலின் மூலக்கூறுகளைக் கண்டறிந்து மின்குறிப்பாகத் தரும் கருவியான உயிர் உணரிக்கு வேண்டியது இதுவே. கொரோனா பரவிய 2020-இல் தென்கொரிய ஆய்வாளர்கள், ஒரு முனையால் கிராஃபீனில் தட்டையாகப் படிந்து மறுமுனையால் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பைரீன் வகை மூலக்கூறு ஒன்றின் வழியாக, வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டியிருக்கும் கூர்ப்புரதத்தை இனங்கண்டு பற்றும் புரதமான எதிர்ப்பொருளைத் தாளின்மேல் நிறுத்தினார்கள். தாளின் பிணைப்புகளைச் சிதைக்காமல் இதைச் செய்ய முடிந்தது என்பதே அம்முறையின் அழகு.

கிராஃபீனுக்கு ஒரு குறை உண்டு. ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி, இல்லாததால் அதில் மின்னோட்டத்தை முழுமையாக நிறுத்த இயலாது. ஒற்றை அடுக்கில் ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் அடுக்குப் பொருளை ஆய்வாளர்கள் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உண்மையான இடர் தாளில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. இரத்தத்தில் கரைந்துள்ள உப்பின் அயனிகள் மூலக்கூறுகளின் மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைப்பதால், அதன் விளைவு ஒரு நானோமீட்டருக்குள்ளாகவே தேய்ந்துவிடுகிறது. எதிர்ப்பொருளின் நீளமோ சுமார் 10 நானோமீட்டர். பிடிபட்ட புரதம் தாளின் பார்வைக்கு எட்டாத தொலைவில் நிற்கிறது என்றே சொல்லலாம். உப்பு குறைந்த கரைசலில் சோதித்தால் இத்தடை விலகும் என்பதால், அத்தகைய கரைசலில் கிடைத்த உணர்திறன் அளவு இரத்தத்துக்கும் பொருந்தும் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை நான் வலியுறுத்த விரும்புகிறேன். நோயாளியின் உடலிலிருந்து எடுப்பது இரத்தமே அல்லவா?

இத்தடையைக் கடக்க, நீளமான எதிர்ப்பொருளுக்குப் பதிலாக, இலக்கு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் அப்டமர் எனப்படும் குறுகிய டிஎன்ஏ இழைகளைப் பயன்படுத்துவது ஒரு வழி. 2020-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் குழு வேறொரு வழி கண்டது. வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக்கின்மேல் கிராஃபீனைப் படியவைத்துச் சூடாக்கியபோது தாள் கசங்கி மடிந்தது. அம்மடிப்புகளின் குழிவுகளில் அயனிகளின் மறைப்பு தளர்ந்ததால், மனித இரத்தச் சீரத்திலேயே (இரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிந்த திரவம்) டிஎன்ஏ போன்ற நியூக்ளிக் அமிலத்தை மிகக் குறைந்த அளவிலும் அவர்களால் கண்டறிய முடிந்தது.