டாவோ இரவுச் சந்தையில் குடலும் ரத்தமும் சாப்பிடலாமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு சகோதரியிடமிருந்து வந்திருக்கிறது. "அம்மாவுடன் பிலிப்பைன்ஸில் டாவோ நகரத்துக்குப் போகிறேன். ரோக்சாஸ் இரவுச் சந்தையில் மலிவாகச் சாப்பிடலாம் என்கிறார்கள். குடல், ரத்தம் எல்லாம் குச்சியில் குத்தி விற்கிறார்களாமே, வயிறு தாங்குமா? எனக்குப் பன்றி இறைச்சி ஆகாது. அம்மா சுத்த சைவம். என்ன செய்யலாம்?"

தாராளமாகப் போங்கள். முதலில் அந்தக் குடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயமே அதில்தான் இருக்கிறது. அதற்கு இசாவ் என்று பெயர். குடலை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பலமுறை அலசி, வேகவைத்து, வளைத்து வளைத்துக் குச்சியில் கோத்துக் கொண்டுவருகிறார்கள். சந்தையில் நடப்பது கடைசி வேலைதான்: கரி அடுப்பில் வாட்டுவது. ஆகவே கழுவுவதும் வேகவைப்பதும் நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, எந்தக் கடையில் சரக்கு வேகமாகத் தீர்கிறது என்பது. உள்ளூர் மாணவர்கள் மொய்க்கும் கடையில் நில்லுங்கள். பக்கத்திலேயே அத்தெனியோ பல்கலைக்கழகம் இருப்பதால் அவர்களுக்குக் குறைவில்லை. ஏற்கெனவே வாட்டி அடுக்கி வைத்ததைத் தொடாதீர்கள். உங்கள் குச்சியை உங்கள் எதிரிலேயே ஓரம் கருகும்வரை வாட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அருவருப்பு வரக் காரணமே இல்லை.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது குடலை அல்ல, குச்சியை முக்கித் தின்னும் வினிகர் பாத்திரத்தை. அந்த ஊர்ப் பக்கம் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்தே வினிகர் எடுக்கிறார்கள். அதில் வெங்காயமும் காந்தாரி மிளகாய் போன்ற சின்ன மிளகாயும் மிதக்கும். கொழுப்பும் புகையும் ஏறிய இறைச்சியோடு அந்தப் புளிப்பு சேரும்போதுதான் இந்த உணவுக்கே அர்த்தம் வருகிறது. அது இல்லாமல் தின்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஆனால் பொதுப் பாத்திரம் வைத்திருந்தால், கடித்த குச்சியையே மறுபடி முக்குபவர்கள் இருப்பார்கள். மஞ்சள் காமாலை அப்படியும் பரவலாம். சின்னக் கிண்ணத்திலோ பாட்டிலிலோ தனியாகத் தருகிற கடையைத் தேடுங்கள்.

பன்றி விஷயத்துக்கு வருகிறேன். இசாவ் கோழியிலும் உண்டு, பன்றியிலும் உண்டு. "மனோக்" என்றால் கோழி, "பாபோய்" என்றால் பன்றி. இந்த இரண்டு சொற்களும் போதும், கேட்டு வாங்குங்கள். அடிடாஸ் என்று எழுதியிருந்தால் கோழிக்கால், ஹெல்மெட் என்றால் கோழித்தலை. பீட்டாமேக்ஸ் என்பது உறைந்த ரத்தக் கட்டி, அது கோழியா பன்றியா என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் பல கடைகளில் இரண்டையும் ஒரே அடுப்பில் வாட்டி, ஒரே தூரிகையால் சாறு பூசுகிறார்கள். அதுவும் கூடாது என்றால் ஹலால் பலகை உள்ள கடைதான் வழி. டாவோ இருக்கும் மிண்டனாவோ தீவில் முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழ்வதால் அது கிடைக்கும்.

தூரிகையால் பூசும் அந்தச் சாற்றில் பெரும்பாலும் வாழைப்பழ கெச்சப் இருக்கும். அதை உருவாக்கிய பெருமை மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானிக்குச் சேரும். 1945-ல் மணிலாவில் நடந்த போரில் அவர் இறந்தார். அவ்வளவு பெரிய மனுஷியின் பெயர் வெளியே அதிகம் தெரியாதது எனக்குத் தீராத வருத்தம்.

டாவோவில் விடக்கூடாதது ப்ரோபென். கோழியின் இரைப்பைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பையைச் சோளமாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரிப்பார்கள். குடலுக்குத் தயங்குபவர்கள் இதில் தொடங்கலாம். இன்னும் தயக்கமென்றால் ஆரஞ்சு நிற மாவில் தோய்த்துப் பொரித்த காடை முட்டை, க்வெக்-க்வெக்.

பணம் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். 20, 50, 100 பெசோ போதும். குச்சி விற்கிற பெண்ணிடம் 1000 பெசோ நோட்டை நீட்டினால் அவர் என்ன செய்வார், பாவம். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், முகம் சுளிக்காதீர்கள். 2016 செப்டம்பர் 2 இரவு இதே சந்தையில் குண்டு வெடித்து 15 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகும் அதே தெருவில் அடுப்பு மூட்டுகிறவர்கள் இந்தக் கடைக்காரர்கள்.

அம்மாவுக்கு பனானா க்யூ. சாபா என்ற வாழைப்பழத்தை நாட்டுச் சர்க்கரையோடு எண்ணெயில் பொரித்து, பாகு பூசிக் குச்சியில் தருவார்கள். தூரோன் என்றால் அதே பழமும் பலாச்சுளையும் மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்தது. மீன் உருண்டை பொரித்த எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லும்பியா வெளியே காய்கறிச் சுருள்போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும், வேண்டாம். சோயாப் பால் கட்டியில் வெல்லப்பாகும் ஜவ்வரிசியும் ஊற்றித் தரும் தாஹோ அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் அது காலையில் தெருவில் கூவி விற்பது. அதற்கு ஒருநாள் சீக்கிரம் எழுந்து அறைக்கு வெளியே நில்லுங்கள்.