தேடுவது வேறு, அழுத்துவது வேறு

[ஒலி: அட்டைப் பெட்டி கிழிகிறது. கண்ணாடிப் பரப்பில் விரல் நகர்கிறது. ‘பீப்’. மறுபடியும் ‘பீப்’.]

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் என்ன வந்தாலும் அதை வாயாலும் சொல்லிவிடுவேன். பார்க்காமல் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் விட்டுப்போகாது.

[திரையில்: ஒரு புதிய இண்டக்‌ஷன் அடுப்பு. மேற்பரப்பு முழுவதும் கறுப்புக் கண்ணாடி. பொத்தான் ஒன்றுகூட இல்லை.]

இது போன மாதம் அக்கா வாங்கி வந்த அடுப்பு. பழைய அடுப்பில் பொத்தான்கள் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பேன், பிறகு அமுக்குவேன், ‘டக்’ என்று உள்ளே போகும். புதியதில் தடவிப் பார்க்கவே வழியில்லை. விரல் பட்ட இடமெல்லாம் கட்டளையாகிவிடுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது சூட்டைக் குறைக்கும் இடத்தைத் தேடினேன். அடுப்பு அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றினால் எந்த அளவில் எரிகிறது என்றே தெரியவில்லை.

“அடையாளத்துக்கு என் கல் பொட்டை ஒட்டிக்கொள்ளேன் தம்பி” என்றாள் அக்கா. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறோம், நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் இங்கே அந்தப் பொட்டைத் தேடிப் போகும் விரல், வழியில் இருக்கும் மற்றதையெல்லாம் தொட்டுவிடுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். பொத்தான் வேலை செய்ய அழுத்தம் வேண்டும். இந்தக் கண்ணாடிக்கு அழுத்தம் வேண்டியதில்லை. அதன் அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பக்கத்தில் வந்ததுமே அந்தப் புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. பார்வை உள்ளவர் கண்ணால் தேடி விரலால் அழுத்துகிறார். எனக்குத் தேடுவதும் விரல், அழுத்துவதும் விரல். இரண்டையும் ஒன்றாக்கிய கருவியை என்னால் பயன்படுத்த முடியாது.

கண்ணாடியின் மேல் எனக்குக் கோபமில்லை. 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது அதில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் சேர்ந்தே வந்தது. அதுவும் வழுவழுப்பான கண்ணாடிதான். ஆனால் ஒரு முறை தொட்டால் அந்த இடத்தில் இருப்பதை வாசிக்கும். இரண்டு முறை தட்டினால்தான் செயல்படும். தேடுவதும் அழுத்துவதும் அங்கே பிரிந்துவிட்டன. ஆண்ட்ராய்டின் டாக்பேக்கும் இதே முறையில்தான் இயங்குகிறது. பார்வையற்றவர் கண்ணாடித் திரையில் கடிதம் எழுதுகிறார், பணம் அனுப்புகிறார், ரயில் டிக்கெட் எடுக்கிறார் என்றால் இந்த ஒரு யோசனையே காரணம். அது வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓர் அடுப்புக்குள் நுழையவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே புதிய பொருள் எது அறிவிக்கப்பட்டாலும், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கடைகளில் இருக்கும் ஸ்வைப் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் ஐந்தாம் எண் விசையின் மேல் சிறு புள்ளி புடைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்கள் தாமாக வந்துவிடும். இப்போது பல கடைகளில் எண்களும் கண்ணாடிக்குள் போய்விட்டன. ஒரு துணிக்கடையில், பின்னால் ஐந்தாறு பேர் நிற்க, என் ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்தது. அன்று வாங்கிய சட்டையைப் போடும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

அதே ஊரில், நேதாஜி மார்க்கெட்டில், எத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. கடைக்காரருக்காகச் செய்த பொருள். எனக்கோ அது பெரிய துணை. 500 ரூபாய்த் தாளுக்கும் 200 ரூபாய்த் தாளுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். புடைப்புக் கோடுகள் நாளடைவில் தேய்ந்துவிடுகின்றன. கைபேசியில் பணம் அனுப்பி, அந்தப் பெட்டி தொகையைச் சொல்வதைக் கேட்டதும் நிம்மதியாக நகர்கிறேன். பார்வையற்றோருக்காக என்று யாரும் மேடை போட்டு அறிவிக்காத கருவி அது.

[திரையில்: கேமரா பொருத்திய கறுப்பு மூக்குக்கண்ணாடி.]

அடுத்தது, எல்லோரும் கேட்கும் ஸ்மார்ட் கண்ணாடி. ரே-பான் மெட்டா 2025 மே மாதம் 29,900 ரூபாயில் தொடங்கி இந்தியாவுக்கு வந்தது. கையில் தடி, தோளில் பை என்று பழைய பஸ் நிலையத்தில் நிற்கிறவனுக்குக் கைபேசியை எடுத்து நீட்டாமலே எதிரில் இருப்பதைக் கேட்டறிய முடிவது பெரிய விஷயம். கை காலியாக இருப்பதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அதற்குள்ளிருந்து பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு, தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும். ஒரு செயலி என் மாத்திரை அட்டையின் காலாவதி ஆண்டைத் தவறாக வாசித்தது. குரலில் தயக்கமே இல்லை. அதனால் மருந்து என்றால் மனிதக் கண்ணைத்தான் கேட்பேன். 2015-இல் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ செயலியில் தன்னார்வலர் ஒருவரை வீடியோவில் இலவசமாக அழைக்கலாம். தெருவில் என்ன கடை இருக்கிறது என்பதை இயந்திரம் சொல்லட்டும். மாத்திரையை அதன் பொறுப்பில் விடமாட்டேன்.

2025-இல் ஆப்பிள் அறிவித்தவற்றில் எனக்குப் பிடித்தது சின்ன விஷயம்: ஒரு செயலி வாய்ஸ்ஓவருக்கு ஒத்துழைக்குமா என்பதைப் பதிவிறக்கும் முன்பே ஆப் ஸ்டோரில் காட்டும் அடையாளச் சீட்டு. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்கு தொடங்க ‘கண் சிமிட்டுங்கள்’ என்று கேட்கும் சரிபார்ப்புக்கு மாற்று வழி வேண்டும் என்றும் சொன்னது. மிக்சிக்கும் அடுப்புக்கும் அப்படி ஒரு சீட்டோ கட்டாயமோ வரும்வரை கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

கைபேசி என்றால் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் விசைகள் இரண்டையும் சில நொடிகள் சேர்த்துப் பிடியுங்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கருவி பேசத் தொடங்கும். பேசவில்லை என்றால் காசை எண்ணாதீர்கள். அடுப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேலே கை வைத்துத் தடவுங்கள். ‘பீப்’ என்று கத்தினால் வேறு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

அக்கா அந்த அடுப்பைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். எனக்குக் கடையில் நானே தடவிப் பார்த்து வாங்கிய அடுப்பு இது.

[ஒலி: ‘டக்’. ‘டக்’. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிறது.]