எல்லைக் கல்லில் என்ன எழுதுவது?

அவையோர்க்கு வணக்கம். காட்பாடியில் நின்று பேசுவதால் கிறிஸ்டியான்பேட்டைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. சித்தூர் பஸ் ஏறியவர்கள் எல்லாரும் அந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். மாநில எல்லைகளில் வரவேற்றுப் பலகை வைக்கிறோம், நன்றி கூறி வழியனுப்பியும் வைக்கிறோம். அந்தக் கோடு அங்கே எப்போது வந்தது என்று மட்டும் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு கல் நட வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

1911 வரை வடஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் சித்தூர். வேலூர்க்காரர் கலெக்டர் கச்சேரிக்கு மனுவோடு வடக்கே போன காலம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமாகி, வடஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. அப்போதும் இரு பக்கமும் சென்னை மாகாணம்தான். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்த மாவட்டக் கோடே மாநிலக் கோடாயிற்று.

திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1888-இல் ராதாகிருஷ்ணன் பிறந்தபோது அது வடஆற்காடு. 1911-இல் சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திரம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கரின் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலம். நம் ஊரீசு கல்லூரியில் படித்த அந்த மனிதர் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த பத்தாண்டுக்குள் அவர் பிறந்த ஊர் இரண்டு முறை மாநிலம் மாறியது! முருகன் மலையை விட்டு இறங்கவே இல்லை, விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அதே 1960-இல் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரப் பக்கம் போயின. பெற்றதைச் சொல்லும் மேடைகளில் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கல்லில் இரண்டும் இருக்க வேண்டும்.

கல்லில் எழுதுவது நமக்குப் புதிதா? பழைய வடஆற்காட்டுச் செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன். கூடவே கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய். நாயின் பெயர்கூட விட்டுப்போகவில்லை. மன்னன் பெயர் முதலில் வருகிறதே என்பீர்கள். ஆண்டைக் குறிப்பதற்காக வருகிறது. இன்றைய கல்வெட்டுகளில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் எல்லாரும் பெரிய எழுத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். செய்தி கடைசி வரியில் நசுங்கிக் கிடக்கிறது.

ஆகவே என் விண்ணப்பம் இது. வண்டிகள் பறக்கும் இடத்தில் கல்லை வைக்காதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடைப் பக்கமாக வையுங்கள். தமிழும் தெலுங்கும் ஒரே முகத்தில் இருக்கட்டும். சித்தூரில் தமிழ் பேசுவோரும், இங்கே வீட்டில் தெலுங்கு பேசுவோரும் ஏராளம். ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்தால் கல்லிலும் ஒரு எல்லை போட்டதாகிவிடும். 1911, 1953, 1960 என்று மூன்று ஆண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். திறந்து வைப்பவர் பெயர் கட்டாயம் வேண்டுமென்றால், கல்லின் பின்புறம் காலியாகத்தான் இருக்கிறது.