வேலியில் போன ஓணான்

(காங்கயத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து இவன் எங்கே தப்பு விடுவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி சகோதரி அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் நீர்மோரும் ஊற்றிய அரிசி ஆலை அண்ணன் அவர்களே, எங்கள் கட்டுத்தரைக்கு ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருகிற கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன முறை ஒருவர் பெயரை விட்டுவிட்டேன். அவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் மட்டும் கொடுத்தனுப்பினார், ஆள் வரவில்லை.

பூமி ஏன் சூடாகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இயற்கை பண்ணுகிறதா, மனிதன் பண்ணுகிறானா? ஐந்து விஷயம் சொல்லப் போகிறேன்: சூரியன், பூமியின் சாய்வு, எரிமலை, நிலக்கரி, அப்புறம் மாடு. மாடு என்றதும் மருத்துவர் ஐயா சிரிக்கிறார். காங்கயத்தில் நின்று மாட்டைக் குற்றம் சொல்ல எனக்கும் தைரியம் வேண்டும், அதனால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதலில் இந்தப் பொன்னாடை. தலைவர் ஐயா ஒன்று போர்த்தினார், சந்தோஷம். அரிசி ஆலை அண்ணன் இரண்டாவது போர்த்தினார். மூன்றாவதும் வந்தது. இது சித்திரை மாதம். என் சட்டையை யாராவது தொட்டுப் பாருங்கள். இதற்காகக் கூடுதலாக யாரும் அடுப்பு மூட்டவில்லை. என் உடம்புச் சூடு எப்போதும் இருக்கிற சூடுதான், அது வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான். பூமிக்கு நடப்பதும் இதுதான். வெயில் வந்து தரையைச் சுடவைக்கிறது. அந்தச் சூட்டைத் தரை திருப்பி விடும்போது நீராவியும் கார்பன் டை ஆக்சைடு என்கிற கரியமில வாயுவும் மீத்தேனும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. முதல் பொன்னாடை நல்லது. அது இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விடும். இருப்பதால்தான் 15 டிகிரி அளவில் நாம் பிழைத்துக் கிடக்கிறோம். தொந்தரவு இரண்டாவது பொன்னாடையில் ஆரம்பிக்கிறது.

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்பவர் 1856-இல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு காற்றை அடைத்து, உள்ளே வெப்பமானியை வைத்து, வெயிலில் நிறுத்தினார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றதைவிட அதிகம் சூடேறியது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஆற ரொம்ப நேரம் எடுத்தது. அந்தக் கட்டுரையை அறிவியல் கூட்டத்தில் படித்தவர் ஜோசப் ஹென்றி என்கிற ஆண். சகோதரி அவர்கள் தலையாட்டுகிறார்கள், சுயஉதவிக் குழுவிலும் அப்படித்தான் நடக்கிறது போலிருக்கிறது.

சரி, சூரியனுக்கு வருகிறேன். "சூரியன் கொதிக்குது, நாம என்ன பண்ண முடியும்?" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள் வைத்து அளக்கிறார்கள். சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை சூரியனின் வீச்சு கொஞ்சம் ஏறி இறங்குகிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஏறிக்கொண்டே போகவில்லை. இன்னொரு சாட்சியும் உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் அடியிலிருந்து நுனி வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு: கீழே சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. கம்பளிக்குள் இருக்கிறவனுக்கு வேர்க்கும், கம்பளிக்கு வெளியே சில்லென்றுதான் இருக்கும்.

எரிமலையும் அப்படித்தான். 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது; அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்து, உலகச் சராசரி வெப்பம் ஒன்றிரண்டு வருடத்துக்கு அரை டிகிரி அளவு குறைந்தது. அது கக்கின துகள் வெயிலை மறைத்துக்கொண்டது. எரிமலை கரியமில வாயுவும் விடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. உலகத்து எரிமலை எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடுவது, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

அப்புறம் யார்? எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, ஒரு பழமொழி சொல்லுவார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவன் வந்தாலும் அதுதான், ரெண்டாம் கல்யாணம் கட்டிக்கொண்டவன் வந்தாலும் அதுதான். "வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துது கொடையுதுன்னா ஆகுமா?" நிலக்கரி என்ன பாவம் செய்தது? கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தி செத்த காடு, மண்ணுக்கடியில் சும்மா கிடந்தது. நாம் தோண்டி எடுத்தோம், கொளுத்தினோம். பெட்ரோலும் டீசலும் அதே கதைதான். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னால் பத்தாயிரம் பங்கு காற்றில் கரியமில வாயு மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. இப்போது நாலு பங்கைத் தாண்டிவிட்டது. ஒரு பங்கு ஏறினால் என்ன குடி முழுகிப்போகும் என்கிறீர்களா? ஒரு அண்டாப் பாலுக்கு எத்தனை கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம் என்று தாய்மார்களைக் கேளுங்கள். 2024-ஆம் வருடம் கணக்கெடுத்ததிலேயே அதிக வெப்பமான வருடம். அந்தக் கோடையில் ஈரோட்டில் 42 டிகிரிக்கு மேல் அடித்தது உங்களுக்கே தெரியும். அந்த வருடம் எல் நினோவும் சேர்ந்துகொண்டது, பசிபிக் கடல் சில வருடத்துக்கு ஒருமுறை சூடேறுவது, அது இயற்கை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எல் நினோ வரும், போகும். வேட்டிக்குள் விட்ட ஓணான் போகாது.

இந்த இடத்தில் என் மச்சினன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவன் வந்திருக்கிறானா தெரியவில்லை.

அவனுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு, உழாமல் மேய்ச்சலுக்கு விட்ட நிலம். கொழுக்கட்டைப் புல், நடுவில் நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவைச் செடி நட்டு வளர்த்த வேலி, எங்கள் மாமனார் காலத்து வேலி. யாரோ ஒருவர் அவனிடம் "வேலி நாலடி அகலம் திங்குது, சுத்தி அளந்தா கால் ஏக்கர் போகுதப்பா" என்று சொல்லிவிட்டார். கணக்குச் சரிதான், தலைமையாசிரியர் ஐயா வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம். பொக்லைன் வந்தது. அறுபது வருட வேலி இரண்டே நாளில் வேரோடு போய்விட்டது. கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டினான், பார்க்க ஜோராக இருந்தது.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் கம்பி ஒரு தடையா? காட்டுப் புழுதி பூராவும் வீட்டுக்குள் வந்தது. அவன் சம்சாரம் சோற்றுப் பானைக்கு ஈரத்துணி கட்டி வைக்க ஆரம்பித்தாள். கம்பிக்கு அடியில் நுழைந்த செம்மறிகள் பக்கத்துக் காட்டு முருங்கையை மேய்ந்துவிட்டன. பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டில்தான் அவன் பையனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அப்படியே நின்றுபோனது. ஒரு ஆட்டுக்கு மடியில் கம்பி கிழித்து, மருத்துவர் ஐயாதான் வந்து தையல் போட்டார்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி, மணி பதினொன்று இருக்கும், எங்கள் இட்டேரியில், இரண்டு பக்கமும் வேலி இருக்கிற வண்டித்தடத்தில், நாய் குரைக்கிறது. பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். டிவிஎஸ் 50 ஒன்று நிற்கிறது. கையில் அரிவாள், வண்டிக்குப் பின்னால் ஒரு கட்டு கிளுவைப் போத்து, நடுவதற்கு வெட்டின குச்சி. லைட்டை முகத்தில் அடித்தால் என் மச்சினன்!

"ஏன் மாப்ளே, இந்நேரத்துக்கு ஓணான் புடிக்க வந்தியா?"

"இல்லீங் மாமா, போத்து நாலு வெட்டிக்கலாம்னு..."

"பகல்ல வந்து கேட்டா குடுக்க மாட்டனா?"

"பகல்ல கேட்டா நீங்க மேடைக்கு மேடை சொல்லிப்போடுவீங்க மாமா."

நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணித்தான் அனுப்பினேன்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போகிறார், போகட்டும்.

வேலி வைத்தால் உலகம் குளிர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. கரி எரிப்பதைக் குறைக்காமல் கிளுவையை நட்டு ஒன்றும் தீராது, அதை நான் ஒளிக்கவில்லை. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை சுற்றுகிறது, நம் கூரைகளில் சூரியத் தகடு ஏறுகிறது, அதெல்லாம் பெருகட்டும். ஆனால் உலகத்து மண்ணுக்குள் இருக்கிற கார்பன், காற்றில் இருப்பதையும் செடிகொடியில் இருப்பதையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். உழாமல் கிடக்கிற கொறங்காட்டில் புல்லின் வேர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை மனையாக்கி, கிராவல் கொட்டி, கலர் கொடி நட்டுவிட்டால் அந்த மண் நமக்கு இல்லை. தாராபுரம் ரோட்டில் போகும்போது எண்ணிப் பாருங்கள், எத்தனை கொறங்காடு கொடி நட்டு நிற்கிறது என்று. கம்பிவேலியில் ஓணானைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அப்பாருவின் பழமொழியைச் சொன்னால் என் பேரன் "வேலியில ஓணான் எதுக்கு போகும் தாத்தா?" என்று கேட்கிறான். இட்டேரியே இல்லாத ஊரில் அவனுக்கு எதைக் காட்டுவது?

ஊராட்சித் தலைவர்கள் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் பெயரை முதலில் சொல்லாதது என் தப்பு. அதற்குப் பரிகாரமாக ஒரு வேண்டுகோள்: இட்டேரியை ரோடாக்கும்போது இரண்டு பக்க வேலியையும் வெட்டச் சொல்லாதீர்கள். ஒரு பக்கமாவது விடுங்கள்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது, நேரம் முடிந்ததாம். பூமியின் சாய்வும் மாடும் பாக்கி. மருத்துவர் ஐயா தப்பித்தார். மேடைக்குப் பின்னால் ஐந்து கட்டு கிளுவைப் போத்து வைத்திருக்கிறேன், இலை இல்லாமல் குச்சியாகத்தான் இருக்கும், செத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு நாலு எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த பக்கம் மண்ணுக்குள் போகவேண்டும். போன வருடம் ஒருவர் தலைகீழாக நட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார்.